முளைக்காத பெட்டி

சிவகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் பஸ்ஸில், மரநாய் விட்டையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் சொகுசாக உட்கார்ந்து வந்த ஆள் இதுவரை ஒரே ஒருத்திதான் இருக்க முடியும். இசக்கிச்செல்வி என்று பெயர். விட்டை இருந்தது ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அதைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னக்கா, பாக்ஸ இந்தப் புடி புடிச்சிருக்கிய? உள்ள பிரியாணியா?"

"இல்லண்ணே. மரநாய் பீ."

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து சீட்டு அம்மாவும் சிரித்தாள். செல்வியும் சேர்ந்து சிரித்துவைத்தாள். சில உண்மைகளை யாரும் நம்பமாட்டார்கள் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் அந்த வசதி இல்லை. மாமியார் முப்பிடாதியம்மாள் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் அந்த டிபன் பாக்ஸைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, பிறகும் மனசு ஆறாமல் மாடிப்படிக்கு அடியில் தனியாகக் குடிவைத்துவிட்டாள். அதற்கப்புறம் அது அடுப்படிப் பக்கம் வரவே இல்லை.

செல்வி பிறந்தது பனவடலிசத்திரத்தில், ஆடு வளர்க்கிற வீட்டில். அவளுடைய அப்பா ஆட்டுப்புழுக்கையை அள்ளிப் புஞ்சைக்குப் போட்டால், அடுத்த மழைக்கு உளுந்தோடு சேர்ந்து உடைமரக் கன்றும் முளைத்து நிற்கும். அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டே ஆடுகளைப் பெயர் சொல்லி வைவார். ஆடு நெற்றைத் தின்கிறது, கொட்டை செரிக்காமல் வெளியே வந்து முளைக்கிறது என்பது அந்த வீட்டில் ஒரு பாடமே இல்லை, தினசரி எரிச்சல்.

அவள் சங்கரன்கோவிலில் தாவரவியல் படித்தாள். அந்தப் படிப்புக்கு ஊரில் கிடைத்த வேலை, பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் பில் போடுவது. மல்லிக்கும் பிச்சிக்கும் கேந்திக்கும் தாவரவியல் பெயர் தெரிந்த பில் கிளார்க் வேறு எந்தக் கடையிலும் இல்லை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். சம்பளம் மட்டும் பெருமையோடு சேர்ந்து ஏறவில்லை. அங்கே லோடு ஆட்டோவில் பூ மூட்டை கொண்டுவந்த மாரிராஜ் இரண்டு வருடம் ரசீது வாங்கும் சாக்கில் நின்று நின்று பேசி, கடைசியில் பெண் கேட்டு வந்தான். அந்தக் கடையால் அவளுக்குக் கிடைத்த லாபம் அவன்தான்.

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. திருநெல்வேலி டாக்டர், மதுரை டாக்டர், கோவில் குளம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டுக்குள் அதைப் பற்றிய பேச்சு நின்று நெடுநாளாகிறது. தெருவில் நிற்கவில்லை.

இந்த நிலையில்தான் ஹஸ்னா பானு வந்து சேர்ந்தார். புளியங்குடிக்காரர், வெளியூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி. சிவகிரிக்கு மேற்கே மலைக்காட்டில் எந்த மரம் எப்போது பூக்கிறது, எது எப்போது பழுக்கிறது, அதை எந்தப் பிராணி தின்கிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துவருகிற ஒரு குழு அவருடையது. உள்ளூரில் தாவரவியல் படித்த ஆள் வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவைத்திருந்தார்.

"மலை ஏறுவீங்களா?" என்று நேர்காணலில் கேட்டார்.

"ஏறுனதில்ல மேடம். ஆனா பூ மார்க்கெட்டுல இருந்தவ. கருக்கல்லயே எந்திரிச்சு அத்தன பேருட்டயும் ஏச்சு வாங்கிப் பழக்கம்."

அந்தப் பதிலுக்கே வேலை கிடைத்தது என்று செல்வி இன்றுவரை நம்புகிறாள்.

வேலை என்று பார்த்தால் மரங்களுக்கு வருகைப் பதிவு எடுப்பதுதான். குழு தேர்ந்தெடுத்த ஒவ்வொரு மரத்திலும் ஒரு அலுமினியத் தகடும் எண்ணும் இருக்கும். மாதாமாதம் ஏறிப்போய் ஒவ்வொன்றின் அடியிலும் நின்று, பைனாகுலரால் உச்சியைப் பார்த்து, தளிர் உண்டா, மொட்டு உண்டா, காய் உண்டா என்று குறிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு, வீட்டில் யார் கூப்பிட்டாலும் உடம்போடு சேர்ந்துதான் திரும்பினாள். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். ஒருமுறை கரடியைப் பார்த்து ஓடினாள், ஓடிய பிறகுதான் அது பாறை என்று தெரிந்தது. ஆனாலும் மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கழுவித் துடைத்த மாதிரி தெளிவாக இருந்ததை மாரிராஜ் கவனித்துவிட்டான். அதனால்தான், "இந்த வேல நமக்கு எதுக்கு" என்று ஒருநாளும் அவன் கேட்டதில்லை.

கூட வழிகாட்டியாக வருபவர் சிவனாண்டி. கரடி நடமாடும் இடம் வந்தால் இருமத் தொடங்குவார். இருமல் நோயால் அல்ல, மரியாதையால்.

"நாம வாரது அதுக்குத் தெரியணும்லா தாயி. சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குள்ள போனா யாருக்குத்தான் கோவம் வராது?"

அவரோடு போன ஒரு ஆனி மாதத்தில்தான் மரநாய் விட்டை கிடந்த ஒரு பாறை கண்ணில் பட்டது. மரநாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரியெல்லாம் மரத்து மேலே பழம் தின்றுவிட்டு, கழிப்பதற்கு என்று பாறை, சாய்ந்து கிடக்கும் மரம் இப்படி ஒரு நல்ல இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பாறை முழுக்க நாவல் கொட்டை. சதையெல்லாம் போய்ச் சுத்தமாக, கழுவி எடுத்தது போல இருந்தது. பாறை இடுக்கில் மண் சேர்ந்த இடத்தில் நாலைந்து கொட்டை முளைவிட்டிருந்தது. செல்வி குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா ஆடுகளை வைவது காதில் கேட்டது.

இறங்கியதும் ஹஸ்னா பானுவிடம் கேட்டாள்.

"மேடம், மரநாய் வயித்துக்குள்ள போயிட்டு வந்த கொட்டை நல்லா முளைக்குமா? இல்ல, மரத்துல இருந்து சும்மா விழுந்ததும் அதே மாதிரி முளைக்குமா?"

"வேற ஊர்க் காட்டுல பாத்திருக்காங்க. நம்ம மலையில, இந்த மரத்துக்கு யாரும் பாத்ததில்ல." ஹஸ்னா பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களே பாருங்களேன் செல்வி. உங்க கேள்விதான. வருசக் கூட்டத்துல நீங்களே எந்திரிச்சு பதிலச் சொல்லணும், சரியா?"

உங்க கேள்வி. இந்த இரண்டு வார்த்தையும் செல்வியோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தன. அதுவரை அவள் எழுதியதெல்லாம் அடுத்தவர் பில், அடுத்தவர் எண் போட்ட மரம். தனக்கென்று ஒரு கேள்வி இருப்பது இப்படி நெஞ்சு நிமிர வைக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கு மாரிராஜுக்குச் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

வழி எளிதானது. மூன்று தக்காளிப் பெட்டி, மாரிராஜ் கொண்டுவந்தது. உள்ளே சாக்கு விரித்து, அனுமதி வாங்கி எடுத்த காட்டு மண். முதல் பெட்டியில் மரநாய் விட்டையிலிருந்து எடுத்த கொட்டை. இரண்டாவதில் பழத்தைக் கையால் பிசைந்து கழுவிய கொட்டை. மூன்றாவதில் பழம் அப்படியே, தோலும் சதையுமாக. மூன்றிலும் ஒரே எண்ணிக்கை, ஒரே தண்ணீர், ஒரே வெயில். மரநாய் ஏதாவது நல்லது செய்கிறதா என்பது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் சிவகிரியில் குழு தங்கும் முகாமில்தான் வைத்தாள். குரங்குகள் வந்து ஒரே காலையில் அத்தனை கொட்டையையும் தோண்டித் தின்றுவிட்டு, பெட்டியையும் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போயின. அதனால்தான் மறுபடி பொறுக்கி, டிபன் பாக்ஸில் பஸ் ஏற்றி, சங்கரன்கோவில் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தாள்.

"நான் மலைக்குப் போற நாள்ல தண்ணி மட்டும் தெளிங்க அத்தை. வேற ஒண்ணையும் தொட்டுராதிய."

"சரிட்டி. முளைக்கப்போட எனக்கே சொல்லித் தாரியாக்கும்?"

முப்பிடாதியம்மாள் அப்படிச் சொன்னதில் நியாயம் உண்டு. ஆடி மாதம் தெரு அம்மன் கோவிலில் கொடைத் திருவிழா வந்தால் முளைப்பாரி அவள் பொறுப்பு. வீட்டின் உள்ளறையைக் கழுவி இருட்டாக்கி, சட்டிகளில் வைக்கோலும் எருவும் மண்ணும் போட்டு, பாசிப்பயறும் தட்டாம்பயறும் மொச்சையும் ஊன்றி, விரதம் இருந்து தண்ணீர் தெளித்து வளர்ப்பாள். வெளிச்சம் படாமல் வெளிர்மஞ்சளாக முழ உயரம் எழும்பும் அந்தப் பயிரைத் தலையில் சுமந்து பெண்கள் ஊர்வலம் போவார்கள். பயிர் நன்றாக வந்தால் வீட்டுக்கும் ஊருக்கும் நல்லது. வராமல் போனால், வைத்தவளைப் பற்றித்தான் தெரு பேசும். முப்பிடாதியம்மாள் வைத்த சட்டி ஒருதடவைகூடப் பொய்த்ததில்லை. அவள் வீட்டுக்குள் மண் போட்டு விதை ஊன்றிய எதுவும் முளைக்காமல் கிடப்பது என்பது அவளால் நினைத்துப் பார்க்க முடியாத சங்கதி.

செல்வி இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தொடாதே என்று சொன்னாளே தவிர, ஏன் தொடக்கூடாது என்று சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. முதல் பெட்டியில் சிவப்பு முளைகள் கொத்தாகக் கிளம்பின. இரண்டாவதிலும் கொஞ்சம் எட்டிப் பார்த்தன. மூன்றாவதில் பழம் அழுகிப் பூஞ்சை பிடித்து, எறும்பு வரிசை கட்டியது. செல்விக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மாதாந்திர வேலைக்கு மலைக்குப் போனாள். மேலே டவர் கிடையாது. அந்த வாரம் முழுக்க நடக்கும்போதெல்லாம் கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சிவனாண்டி அதைக் கேட்டு, அவளும் கரடிக்காகத்தான் முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து பையைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடினாள். மூன்று பெட்டியும் ஒன்றுபோல நின்றன. மூன்றாவதிலும் சிவப்புத் தளிர், மற்ற இரண்டிலும் இருந்த அளவுக்கே. மரநாய் தின்றாலும் ஒன்றுதான், தின்னாவிட்டாலும் ஒன்றுதான் என்று மூன்று பெட்டியும் சேர்ந்து சொல்வது போல இருந்தது.

"வித்தியாசமே இல்ல மேடம்," என்று அன்றைக்கே போனில் சொன்னாள்.

"இல்லைங்கிறதும் ஒரு பதில்தான் செல்வி. நாம நெனச்சது வரலைன்னா அதையும் சொல்லணும். கூட்டத்துக்கு வாங்க."

பெரியவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் சரியான வார்த்தைக்காக யாரும் சிரித்த முகமாகிவிடுவதில்லை. அன்று சாயங்காலம் செல்வி அடுப்படியில் உம்மென்று உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். விரத மஞ்சள் சேலையோடு உள்ளறையிலிருந்து வந்த முப்பிடாதியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குட்டி மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்க? அதான் மூணும் முளைச்சு நிக்கில்லா?"

"அதான் அத்தை சங்கடமா இருக்கு."

"முளைச்சதுக்கா சங்கடம்? இதென்ன கூத்து!"

"மூணாவது பெட்டி முளைக்காதுன்னு நெனச்சேன். முளைச்சிருச்சே."

"அது எங்கட்டி தானா முளைச்சுது? நான்லா நட்டேன்."

செல்வியின் கையில் வெங்காயம் அப்படியே நின்றது.

"சவம், அது ஒரு பொட்டு முளை இல்லாமக் கெடந்துச்சு. முதப் பெட்டியில நெருக்கிக்கிட்டு நின்னதுல கொஞ்சம், நடுப் பெட்டியில கொஞ்சம், வேரு அறாமக் கொட்டையோட எடுத்து இதுல வச்சேன். ஒத்தக் கன்னு வாடிருக்கா, பாத்தியா?" அதைச் சொல்லும்போது முப்பிடாதியம்மாள் முகத்தில் பாராட்டுக்குக் காத்திருக்கிற வெட்கம்கூட இருந்தது.

செல்வி மாடிக்குப் போய் மூன்றாவது பெட்டியைக் கிளறினாள். தளிர்களுக்கு அடியில் அவள் போட்ட பழங்கள் கறுத்து நொதித்துக் கிடந்தன. எந்தக் கன்று எந்தக் கொட்டை என்று இனி பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. மறுபடி வைக்கலாம் என்றால் மலையில் நாவல் முடிந்துவிட்டது. அந்தக் கொட்டை டப்பாவில் வைத்திருந்து பிறகு விதைக்கிற ஜாதியும் இல்லை, காய்ந்தால் செத்துப்போகும். அடுத்த ஆனி வரை ஒன்றும் செய்வதற்கில்லை.

கீழே வந்து அவள் போட்ட சத்தம் அந்த வீட்டுக்குப் புதுசு.

"தொடாதியன்னு சொல்லிட்டுத்தான போனேன்! தண்ணி மட்டும்னு சொன்னேனா இல்லையா? ஒரு வருசம் போச்சு அத்தை! என் கேள்வி போச்சு!"

 முப்பிடாதியம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மாரிராஜ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆட்டோவுக்குக் காற்று அடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனான். நல்ல காற்றோடு நின்ற வண்டிதான் அது.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு சுவர் வழியாகத்தான் நடந்தது. "சோறு எடுத்து வச்சிருக்கு" என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "வேண்டாம்" என்று மருமகள் காலண்டரைப் பார்த்துச் சொல்வாள். மாரிராஜ் மட்டும் ஒரு யோசனையோடு வந்தான்.

"மலைக்குப் போகுமுன்ன ஒரு போட்டா எடுத்தல்லா? முதப் பெட்டி முளைச்சு, மூணாவது முளைக்காம இருந்த போட்டா. அதக் காட்டிட்டு உக்காந்திரு. அது பொய்யில்லையே. யாருக்குத் தெரியப்போகுது?"

செல்வி அவனை முறைத்தாள். ஆனால் அந்த யோசனை போக மறுத்து மனசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கொடை அன்று காலை முளைப்பாரி எடுக்கும் நேரம். முப்பிடாதியம்மாள் உள்ளறைக் கதவைத் திறந்து, இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல் கூப்பிட்டாள்.

"ஏட்டி செல்வி. ஒரு கை புடி."

உள்ளே சட்டிகள் வரிசையாக, மஞ்சளும் பச்சையுமாக எழும்பி நின்றன. ஈர மண் வாசனை. ஒரு சட்டியை இரண்டு பேரும் பிடித்துத் தூக்கும்போது முப்பிடாதியம்மாள் பயிரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீ மலைக்குப் போன அன்னைக்கு சங்கரேஸ்வரி மோர்மொளகா காயப்போட மாடிக்கு வந்தா. மூணு பெட்டியவும் பாத்தா. 'இந்த ரெண்டும் நீங்க வச்சதா அத்தை, முளைக்காதது ஒங்க மருமவ வச்சதா'ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா."

தூக்கிய சட்டியைச் செல்வி மறுபடி தரையில் இறக்கினாள்.

"எட்டு வருசத்துல நான் ஒன்னய ஒரு சொல்லு சொல்லிருப்பனா? நான் சொல்லாதத எவளோ ஒருத்தி எம் மாடியில நின்னு சொல்லுதா. எனக்குப் பொறுக்கலட்டி. அவ எறங்கிப் போனதும் மாத்தி நட்டுட்டேன். மறுநா அவளையே கூப்பிட்டு வந்து காட்டவும் செஞ்சேன்."

சங்கரேஸ்வரி எதிர்வீட்டுக்காரி. கெட்டவள் இல்லை. வாய்க்கு மூடி வைக்காமல் படைக்கப்பட்டவள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் செல்வியின் கோபம் கரைந்து ஓடிவிட்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஓடவில்லை. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் பக்கத்தில் அழுகையும் வந்து உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு நாள் இந்த மனுஷி தெருவை ஒற்றை ஆளாகத் தடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், தனக்கு அது தெரியவே இல்லை என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அத்தை, அந்தப் பெட்டி முளைக்காமக் கெடந்தாத்தான் மத்தது ஏன் முளைச்சுதுன்னு நமக்குத் தெரியும். அது சும்மா கெடக்கல. அதுக்கும் கணக்குல எடம் உண்டு."

"முளைக்காததுக்கு என்னட்டி கணக்கு?" என்றாள் முப்பிடாதியம்மாள். அவளுக்கு அது விளங்கவில்லை. சட்டியைச் செல்வியின் தலையில் ஏற்றிவிட்டு, நேராக நட என்றாள்.

வருடக் கூட்டம் சிவகிரியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வனத்துறைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், வேறு மலைகளில் வேலை செய்கிறவர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. செல்வி எழுந்து நின்றாள். திரையில் அந்தப் பழைய படம் வந்தது. முதல் பெட்டியில் சிவப்புக் கொத்து, மூன்றாவதில் ஒன்றுமில்லை. கூட்டத்தில் தலைகள் ஆடின. அதோடு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் மலைக்குப் போறதுக்கு முன்ன எடுத்தது. இத வச்சு முடிவுக்கு வந்திராதிய, மூணாவது பெட்டி பொறவு முளைச்சிருக்கலாம். இதுக்கப்புறம் எங்க மாமியார், முளைக்காத பெட்டியில மத்த பெட்டிக் கன்ன எடுத்து நட்டுட்டாங்க. இப்ப எது எதுன்னு தெரியாது. அதனால எங்கிட்ட பதில் இல்ல."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. "அந்த அம்மாவ நம்ம நர்சரிக்கு அனுப்புங்கம்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு வனத்துறைக்காரர் கத்தினார். செல்விக்கு முகம் சூடேறியது. ஆனால் அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை என்பதும் தெரிந்தது.

"ஏன் அப்படிச் செஞ்சாங்களாம்?" என்று கேட்டார் ஹஸ்னா பானு.

செல்விக்கு அந்த இருட்டறையும் மஞ்சள் பயிரும் கண்ணில் வந்தன. அது இந்த மண்டபத்துக்குச் சொல்லுகிற விஷயம் இல்லை.

"எங்க வீட்டுல எது முளைக்காட்டாலும் அவங்களுக்குத் தாங்காது மேடம்."

 ஹஸ்னா பானு அதோடு அந்தப் பேச்சை விட்டார்.

"அடுத்த ஆனியில மறுபடி வைங்க. கேள்வி உங்களோடதுதான், அது எங்கயும் போயிரல. இந்தத் தடவ வேலைய அவங்களுக்கும் சொல்லிக்குடுத்திருங்க."

அடுத்த ஆனி வந்தது. மலைக்குக் கிளம்பும் அன்று செல்வி பையை எடுத்தபோது, மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த டிபன் பாக்ஸைத் தூசி துடைத்து முப்பிடாதியம்மாளே நீட்டினாள். சுண்டுவிரலால்தான் பிடித்திருந்தாள், இருந்தாலும் நீட்டினாள்.

இந்த முறை மூன்று பெட்டியையும் இரண்டு பேருமாக வைத்தார்கள். எதில் எது, எதற்காக என்று செல்வி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமியார் குறுக்கே குறுக்கே கேட்டாள். மரநாய் தின்றால் கொட்டைக்கு வலிக்காதா என்பது முதல், அந்தச் சவம் பழத்தை மட்டும் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பினால் என்ன என்பது வரை எல்லாம் கேட்டாள். பிறகு காவல் தொடங்கியது. காக்கைக்கு ஒரு கம்பு, அணிலுக்கு ஒரு கம்பு. செல்வி மலையிலிருந்து இறங்கி டவர் கிடைத்ததும் முதல் போனே அலறலாக வந்தது.

"ஏட்டி! மூணாவது பெட்டியில ஒண்ணு முளைச்சிருக்கு! நான் தொடல தாயி, சத்தியமாத் தொடல!"

மாரிராஜ் படம் அனுப்பினான். குப்பைமேனி. எங்கிருந்தோ காற்றில் வந்து விழுந்த களை. பஸ்ஸில் செல்வி சிரித்த சிரிப்பில் கண்டக்டர், "இன்னைக்கும் மரநாயாக்கா?" என்று கேட்டார்.

ஆடி நடுவில் ஒரு சாயங்காலம் அவள் வீடு வந்து மாடிப்படி ஏறும்போது மேலே பேச்சுக் குரல் கேட்டது. சங்கரேஸ்வரி மோர்மிளகாய்த் தட்டோடு வந்திருந்தாள். செல்வி படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னத்தை, இந்த வருசமும் இந்த ஒரு பெட்டி இப்படிக் கெடக்கு?" என்றாள் சங்கரேஸ்வரி. "யாரு கை பட்டுச்சோ."

  முப்பிடாதியம்மாள் குரல் அவசரமே இல்லாமல் வந்தது.

"எங்க ரெண்டு பேரு கையுந்தான் பட்டுச்சு. முளைச்சதும் எங்க வீட்டுப் பெட்டி, முளைக்காததும் எங்க வீட்டுப் பெட்டி. அதுக்கும் கணக்குல எடம் உண்டு, ஒனக்குத் தெரியாது. நீ ஒந் தட்ட அந்தப் பக்கம் தள்ளிப் போடு, பெட்டிக்கு நெழலு விழுதுல்லா."

தட்டு இழுபடும் சத்தம் கேட்டது. செல்வி இன்னும் இரண்டு படி ஏறித் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். முப்பிடாதியம்மாள் செம்பைச் சாய்த்து முதல் பெட்டிக்குத் தண்ணீர் தெளித்தாள். இரண்டாவதற்குத் தெளித்தாள். பிறகு குனிந்து, ஒன்றுமே முளைக்காத அந்த மூன்றாவது பெட்டிக்கும் அதே செம்பால் அதே அளவு தண்ணீரை, ஒரு மூலை விடாமல் தெளித்தாள்.